இறக்கிய மெம்பிரேன் யார் கணக்கில்?

கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகளை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. அவை நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. 2016-ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் வந்திருக்கும் இவை, உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பைக் கட்டடத் துறைக்குள் கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்குத்தான் அந்தப் பொறுப்பு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கூரை வேலை எடுக்கும் நம்மில் பலர் அந்த எண்ணைப் பார்த்ததுமே நமக்கில்லை என்று விதிகளை மூடிவைத்திருக்கக் கூடும். வேலூர் லாங் பஜார் கடை மாடியோ ஆம்பூர் ஷூ கம்பெனி ஷெட்டோ, நம் கைக்கு வரும் வேலைகளில் அநேகம் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்பவைதாம். விதி நம்மை விட்டுவிட்டது என்பதாலேயே முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது என்பது இந்த இதழின் நிலை. வணிகக் கட்டடத்துக்கு பி.வி.சி. மெம்பிரேன் போடலாமா என்று வாடிக்கையாளர் கேட்டால் தடிமன், உத்தரவாதம், வெண்மை பற்றிச் சொல்வதோடு, அதைக் கழற்றி இறக்கும் நாளில் எடுத்துச் செல்லப்போவது யார் என்பதற்கும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்தக் கூரைக்கு பி.வி.சி. எழுதக் கூடாது.

இதை பி.வி.சி.க்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோல் வட்டாரத்தில் அதற்கு நியாயமான இடம் உண்டு. பசையும் தின்னரும் அடுக்கிவைத்த ஷூ கம்பெனியின் மேல் டார்ச் கொளுத்தி ஏ.பி.பி. மெம்பிரேன் ஒட்டுவது தெரிந்தே எடுக்கும் ஆபத்து. அங்கே சூடான காற்றால் பற்றவைக்கும் பி.வி.சி. ஒரு பெரிய கவலையைத் தீர்க்கிறது. விலங்குக் கொழுப்பும் எண்ணெயும் ஆவியாக வந்து படியும் இடங்களில் டி.பி.ஓ.வும் இ.பி.டி.எம்.மும் உப்பித் தளரும்; அதற்கென்று கலவை அமைத்த பி.வி.சி. அங்கே தாங்கும். ஆனால் அதே ஆலையின் பினிஷிங் பிரிவில் ஸ்பிரே பூத் புகைபோக்கி கக்கும் எஸ்டர், கீட்டோன் கரைப்பான்களுக்கு பி.வி.சி. ஈடுகொடுக்காது. புகைபோக்கியைச் சுற்றி என்ன படிகிறது என்று பார்க்காமல் கூரை முழுவதற்கும் ஒரே ஷீட் எழுதுவது சோம்பேறித்தனம். வெண்மையைப் பொறுத்தவரை, எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பின் 2017 பதிப்பு கேட்பது தொடக்க எதிரொளிப்பு 0.6, புது ஷீட் அதை எளிதில் தாண்டும். மூன்று கோடை கழிந்து புழுதி படிந்த பிறகு மிஞ்சும் எதிரொளிப்பைத்தான் நாம் விநியோகஸ்தரிடம் கேட்க வேண்டும். லாங் பஜாரின் மொட்டை மாடிகளோ முற்றிலும் வேறு வகை. சின்னப் பரப்பு, சுற்றிலும் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, ஏ.சி. வெளி யூனிட், விளம்பரப் பலகையின் இரும்புக் கால்கள் என்று பத்தடிக்கு ஒரு துளை. பற்றவைப்பு நீளத்தில் பாதி ஓரங்களிலும் மூலைகளிலுமே போகும். ஒழுகுவதும் அங்கேதான். அத்தகைய தளத்துக்குச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும் இன்றைக்கும் சரியான தேர்வு. எடை தாங்காது என்றால் பூச்சு முறைகள் இருக்கின்றன.

இப்போது கழிவுக் கணக்குக்கு வருவோம். 1.5 மி.மீ. பி.வி.சி. மெம்பிரேன் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. பத்தாயிரம் சதுர அடிக் கூரையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரங்களையும் சேர்த்துச் சுமார் 2 டன் இறங்கும். 2016 விதிகள் ஒரு நாளைக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் உண்டாக்குபவரையே பெரிய கழிவாளர் என்று பிடித்தன. அந்த 20 டன் கோட்டை மெம்பிரேனை மட்டும் வைத்துத் தொட ஒரே நாளில் லட்சம் சதுர அடிக் கூரையை உரித்தாக வேண்டும். புதிய விதி எடையை விட்டுக் கட்டடப் பரப்புக்கு வந்திருக்கிறது. மெம்பிரேனுக்கு அதனாலும் பயனில்லை. இரண்டும் கான்கிரீட்டையும் செங்கல்லையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இடிபாட்டை உடைத்து ஜல்லியாக்கலாம், அதற்கு ஆலை உண்டு, வாங்குவோர் உண்டு. மெம்பிரேன் எடை குறைந்தது, சுருட்டினால் ஒரு மினி லாரியில் அடங்கிவிடும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை பிளாஸ்டிசைசர். பிசினின் எடையில் 57 சதவீதம் குளோரின். எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும், வெப்பம் போதாவிட்டால் டையாக்சினும் வரும். எடையை வைத்தோ பரப்பை வைத்தோ ஆபத்தை அளக்கும் எந்த விதியிலும் இந்தப் பொருள் சிக்காது.

சிக்காத பொருள் போகும் இடம் நம் எல்லாருக்கும் தெரியும்: காயலான் கடை. இந்த இதழ் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கவலை இங்கேதான் தொடங்குகிறது, அதை இந்த முறை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நெகிழ்வான பி.வி.சி. கழிவுக்குச் சந்தை இல்லாமல் இல்லை. அரைத்து உருக்கினால் தோட்டக் குழாயாகும், தரைவிரிப்பாகும், செருப்பு சோலாகும். கூரையிலிருந்து இறங்கும் ஷீட்டில் எந்த ஸ்டெபிலைசர் இருந்தது, எந்தத் தாலேட் இருந்தது என்று அரைக்கும் கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. விற்றவரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாமும் கேட்டு வைக்கவில்லை. அந்தக் கலவை நம் வட்டாரத்திலேயே ஒரு சோலுக்குள் நுழைய வழி திறந்தே கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை 7 முதல் டி.இ.ஹெச்.பி. உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளைக் காலணி உட்படப் பொருள்களின் பிளாஸ்டிக் பாகங்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. பி.வி.சி.யில் ஈயத்துக்கான 0.1 சதவீத வரம்பு 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆம்பூரிலிருந்து போகும் ஒரு கன்டெய்னர் ஹாம்பர்க்கில் இந்தச் சோதனையில் தவறினால் அடி வாங்குவது ஷூ கம்பெனியும் அதில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களும்தாம். 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தபோதும், 1994-இல் சில அசோ சாயங்களைத் தடுத்தபோதும் இந்த ஊர்கள் பட்டதை மறந்துவிட்டுப் பேச முடியாது. அன்றைக்குத் தடைக்கு உள்ளான ரசாயனங்கள் தோல் ஷாப்பிலேயே புழங்கியவை. எங்கே இருக்கின்றன என்று தெரிந்ததால் மாற்ற முடிந்தது. இன்றைய ஆபத்து ஆலையின் கூரை மேல் கிடந்து, கழற்றப்பட்டு, கைமாறிக் கைமாறி, ஆலைக்குள் மூலப்பொருளாகத் திரும்பி வரக் கூடியது. வழியில் எங்கும் ஒரு தாளும் அதோடு பயணம் செய்வதில்லை.

இதைத் தடுக்க அரசிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. பி.வி.சி. குழாய்களிலும் இணைப்புகளிலும் ஈய ஸ்டெபிலைசரைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021-இல் வந்தன. குடிநீர் ஓடும் குழாய்க்கு அது அவசியம், வரவேற்றோம். ஆனால் விதி குழாயோடு நின்றுவிட்டது. மழைநீர் வடிந்து சேகரிப்புத் தொட்டிக்குள் இறங்கும் கூரை ஷீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022 பிப்ரவரியில் சேர்த்த உற்பத்தியாளர் பொறுப்பு பேக்கேஜிங்குக்கு உரியது. மெம்பிரேன் உருளைகளைச் சுற்றி வரும் மெல்லிய பாலித்தீன் உறைக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்; உள்ளே இருக்கும் இரண்டு டன் சரக்குக்கு இல்லை. இப்போது கட்டுமானக் கழிவு விதியும் 20,000 சதுர மீட்டரில் நின்றுவிட்டது. மூன்று விதிகள், மூன்றுக்கும் நடுவே ஒரே ஓட்டை. பொறுப்பாளர் இல்லாத கழிவு என்ன செய்யும் என்று நாட்டில் வேறெந்த வட்டாரத்துக்கும் தெரியாமல் போகலாம், ராணிப்பேட்டைக்குத் தெரியும். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த மேடு அகற்றப்படவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்தார்கள். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அந்தக் கொள்கையின்படி பாலாற்றங்கரை மக்களுக்கு இழப்பீடு போய்ச்சேர வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையே 28 ஆண்டுகள். இதே வட்டாரத்தின் வழக்கில் உறுதிப்பட்ட கொள்கையை நாடு முழுவதும் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள்; இதே வட்டாரத்தின் கூரைக் கழிவுக்கு அதைப் பொருத்த டெல்லியிலும் சென்னையிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கழிவு மேடாகக் குவிந்த பிறகு குழு அமைப்பதும், குழுவின் அறிக்கை மேல் இன்னொரு குழு அமைப்பதும் நிர்வாகம் அல்ல. பொருள் கூரை ஏறும் முன்பே அதற்குப் பொறுப்பாளரைக் குறிப்பது ஒரு பக்க அறிவிக்கையில் முடியக் கூடிய வேலை. அதைச் செய்யாமல் இருப்பது அலட்சியம். வேறு சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் முதன்மையானது செலவு. ஏற்கெனவே பி.வி.சி. விலை அதிகம், திரும்ப எடுக்கும் செலவையும் சேர்த்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்பார்கள். அந்தச் செலவு இன்றைக்கும் இருக்கிறது, அதைக் காயலான் கடைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் மூச்சில் கட்டுகிறார் என்பதுதான் வேறுபாடு. உண்மை விலையைக் கேட்டு ஓடும் வாடிக்கையாளர் தட்டோட்டுக்குப் போனால் நட்டமில்லை. தார் மெம்பிரேனும் கழிவுதானே, பி.வி.சி.யை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்பது அடுத்தது. தார் மெம்பிரேனும் கழிவுதான், மறுக்கவில்லை. ஆனால் பி.வி.சி.யை மறுசுழற்சி செய்யலாம் என்று சொல்லி விற்கிறார்கள், தாரை அப்படி யாரும் விற்பதில்லை. சொல்லி விற்றவரிடம் அந்தச் சொல்லைக் கேட்பது முறை. ஐரோப்பாவில் ரூஃப்கலெக்ட் என்ற ஏற்பாட்டில் பழைய கூரை மெம்பிரேனைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடியும் என்பதற்குச் சான்று அங்கே இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்று ஐரோப்பிய மெம்பிரேன் நிறுவனங்களின் இந்திய விநியோகஸ்தர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. கூரை இருபது வருடம் நிற்கும், அன்றைக்கு விற்றவரும் போட்டவரும் எங்கேயோ என்ற வாதம்தான் கனமானது. அதற்காகவே ஆவணம் வேண்டும். ஆள் போனாலும் ஷீட்டின் கலவை என்ன என்ற தாள் கட்டடத்தின் கோப்பில் இருந்தால், இறக்குபவர் இருட்டில் வேலை செய்ய வேண்டியதில்லை.

பொருத்தும் முறையிலும் இந்தக் கேள்வி நுழைகிறது. ஆர்.சி.சி. தளத்தில் முழுப் பரப்பையும் பசை போட்டு ஒட்டுவதை நம்மில் பலர் விரும்புகிறோம். துளை விழுந்தால் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது, ஒழுக்கைக் கண்டுபிடிப்பது எளிது என்பது நல்ல காரணம். ஆனால் அப்படி ஒட்டிய ஷீட் உரியும்போது சிமென்ட்டையும் பசையையும் கூடவே எடுத்துக்கொண்டு வரும். எந்த மறுசுழற்சி ஆலையும் அதை வாங்காது. ஆணிவைத்துப் பொருத்திய ஷீட்டும், ஜியோடெக்ஸ்டைல் மேல் விரித்துப் பாரம் வைத்த ஷீட்டும் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சுருட்டும்படி சுத்தமாக இறங்கும். பழைய தார்ப் படலம் பிளாஸ்டிசைசரை உறிஞ்சிவிடும் என்று பயந்து நாம் விரிக்கும் அதே பிரிப்பு அடுக்கு இங்கே இரண்டாவது வேலையும் செய்கிறது. ஷூ கம்பெனியின் உலோகத் தகட்டுக் கூரையில் ஆணிமுறைக்குத் தடையே இல்லை. ஓரத்திலும் மூலையிலும் காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஆணி நெருக்கத்தைக் கணக்கிட்டால் போதும். மெல்லிய பழைய கான்கிரீட் தளத்தில் துளையிட முடியாது, பாரமும் ஏற்ற முடியாது என்றால், அந்தத் தளம் பி.வி.சி.க்கு உரியதல்ல என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமைச்சகத்திடம் நாம் கேட்பது, கூரை மெம்பிரேனுக்குப் பரப்பு எல்லை இல்லாத உற்பத்தியாளர் பொறுப்பும், 2021 ஈய விதியைக் கூரை ஷீட்டுக்கும் நீட்டிப்பதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்பது, தோல் ஆலைகளுக்கு இசைவாணை புதுப்பிக்கும்போது இறக்கிய மெம்பிரேன் எங்கே போனது என்று ஒரு கேள்வி. இவை வரும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக் கூடியது மூன்று வரி. அளவுப் பட்டியலில் பழைய ஷீட்டைக் கழற்றி ஒப்படைக்கத் தனி இனமும் சதுர மீட்டர் விலையும். விநியோகஸ்தரிடமிருந்து ஈயம், தாலேட் அளவு குறித்த எழுத்துச் சான்று. பழைய ஷீட்டைப் பெற்றுக்கொண்ட ஆலையின் ரசீது வந்த பிறகே கடைசித் தவணை. ஏ.எஸ்.டி.எம். டி 4434, இ.என். 13956 என்று இப்போது டெண்டரில் எழுதும் வரிக்குக் கீழேயே இவற்றையும் எழுதலாம். அடுத்த இதழிலிருந்து மெம்பிரேன் விளம்பரம் தரும் நிறுவனங்கள் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டா இல்லையா என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாத விளம்பரத்தை இவ்விதழ் வெளியிடாது.