220 வருட பீர் திரும்பி வந்துடுச்சு... நம்ம கள்ளுப் பானையில் தூங்குற ஈஸ்ட் எப்போ எழும்?

செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் பழையசீவரம் வந்ததும் பாலாறு எட்டிப் பார்க்கும். ஆற்றில் தண்ணி இருக்கோ இல்லையோ, அந்தப் பக்கமெல்லாம் பனை இருக்கும். சித்திரை வெயிலில் ரோட்டோரம் நின்று பதநீர் குடித்தபோது, விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "ஏன் தாத்தா, பானைக்குள்ள சுண்ணாம்பு தடவாம விட்டா என்ன ஆகும்?"

சிரித்தார். "மதியத்துக்குள்ள கள்ளாயிடும் கண்ணு. அப்புறம் போலீஸ்காரன் எனக்குச் சுண்ணாம்பு தடவுவான்."

அதே மரம், அதே பாளை, அதே சாறு. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். காற்றிலும் பூச்சிகளின் காலிலும் வந்து சேருகிற ஈஸ்ட், சாறில் உள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த ஈஸ்ட்டை வளர விடாது. தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டம் பனை மரத்தில் கோடு கிழித்திருப்பது இந்த இடத்தில்தான்.

நான் கேட்டதுக்கு ஒரு காரணம் உண்டு. அந்த வாரம் முழுக்க, செத்துப்போனதாக நினைத்த ஈஸ்ட்டை எழுப்பி பீர் காய்ச்சினவர்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒரு கதை நம்ம ஊரிலிருந்தே கிளம்புகிறது. 1796 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து 'சிட்னி கோவ்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. சரக்கில் மதுவும் இருந்தது. மாலுமிகளில் நிறைய பேர் இந்தியர்கள். 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்குப் பக்கத்தில் ஒரு தீவோரம் கப்பல் தரைதட்டியது. உதவி கேட்டு 17 பேர் படகில் கிளம்பினார்கள், அந்தப் படகும் உடைந்தது. கடற்கரையோரமாகவே சிட்னி நோக்கி நடந்தார்கள். போய்ச் சேர்ந்தது 3 பேர்.

கடலுக்கடியில் கிடந்த அந்தக் கப்பலின் பீர் பாட்டில்களை ஆராய்ச்சியாளர்கள் வெளியே எடுத்தார்கள். லான்செஸ்டன் நகரின் குயின் விக்டோரியா அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பாட்டிலிலிருந்து டேவிட் தரோகுட் என்ற பாதுகாப்பு நிபுணரும் அவரது குழுவும் ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார்கள். 2018-ல் 'ஜேம்ஸ் ஸ்கொயர்' நிறுவனம் அதை வைத்து ஒரு போர்ட்டர் பீரே விற்பனைக்கு விட்டது.

டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க்கும் சும்மா இருக்கவில்லை. அவர்களின் ஆய்வகத்தில்தான் 1883-ல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்துச் சுத்தமாக வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துப் பாட்டில் ஒன்று நிலவறையில் சிக்க, அதிலிருந்த ஈஸ்ட்டை எழுப்பி 2016-ல் பழைய பீரைத் திரும்பக் காய்ச்சினார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இஸ்ரேல் ஆராய்ச்சி. 2019-ல் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு, அகழாய்வில் கிடைத்த மண் பானைகளின் நுண்துளைகளிலிருந்து 6 வகை ஈஸ்ட்டைப் பிரித்தது. சில பானைகளுக்கு வயது சுமார் 5,000 வருடம். அந்த ஈஸ்ட்டில் பீர் காய்ச்சிக் குடித்தும் பார்த்தார்கள்.

"5,000 வருஷம் ஒரே ஈஸ்ட் உயிரோட இருந்துச்சா?" என்று கேட்டால், அப்படி இல்லை. ஒட்டியிருந்த மிச்சத்தைத் தின்று, துளைக்குள்ளேயே பெருகி, தலைமுறை தலைமுறையாக ஓடி வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். மண்ணிலிருந்து பிறகு ஒட்டிய ஈஸ்ட்டாக இருந்தால்? மது வைக்காத பானைகளையும் சுற்றியிருந்த மண்ணையும் சோதித்தார்கள். அங்கே ஈஸ்ட் அபூர்வம். சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுட்ட மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு என்று நம்பத் தோன்றுகிறது.

சரி, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மூலையில் கிடக்கிற பழைய ஈஸ்ட் பாக்கெட்? வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கரைத்து வையுங்கள். கால் மணி நேரத்தில் நுரை பொங்கினால் உயிர் இருக்கு. லேசாகத்தான் நுரைக்கிறது என்றால் கொஞ்சம்தான் மிச்சம், நேரம் அதிகம் கொடுக்கணும். எதுவும் நடக்கவில்லையென்றால் குப்பைதான். சுடுதண்ணி ஊற்றினால் இருக்கிற உயிரும் போகும். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். பழைய ஈஸ்ட்டை முதலில் கொஞ்சம் மால்ட் கரைசலில் போட்டு, ஆள்பலம் கூடிய பிறகுதான் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுவார்கள். நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய மாவில் கலக்கிற நம்ம பாட்டிகளுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

இங்கே ஒரு பிரேக். யூடியூப் பார்த்து பீர் காய்ச்சக் கிளம்பிடாதீங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குள் என்றாலும். எழுப்பின ஈஸ்ட்டை பன்னுக்கும் பீட்சாவுக்கும் போடலாம், அவ்வளவுதான்.

கள்ளுக்கும் அதே கதிதான். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடை அரசு அனுமதியோடு நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக விற்பனையாகிறது. நம்ம ஊரில் 1978 முதல் பனை மாநில மரம், 2021-ல் அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். மரத்துக்குப் பாதுகாப்பு வந்தது, ஏறுகிறவருக்கு வருமானம் வரவில்லை. 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கிப் போராடியது வைரலானது. மீம்ஸ் வந்த அளவுக்கு விவாதம் வரவில்லை என்பது என் வருத்தம்.

தடையை ஆதரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. கள்ளில் கலப்படம் நடந்தது பொய்யில்லை. குடியால் நொந்துபோன குடும்பங்கள் 'இன்னொரு கடையா?' என்று கேட்பதும் புரிகிறது. ஆனால் கள்ளையும் கள்ளச்சாராயத்தையும் ஒரே தட்டில் வைப்பது அறிவியல்படி தப்பு. 2023-ல் செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களிலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது ஈஸ்ட் இல்லை, சாராயம் என்று விற்கப்பட்ட மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேல் பலி. அதன் பிறகு தண்டனையை ஆயுள்வரை கூட்டியது சரிதான். அந்தக் கோபத்தை பனை மரத்தின் மேல் காட்டுவதுதான் சரியில்லை.

இந்தச் சண்டையில் யாரும் பேசாத ஒரு விஷயம், கள்ளுப் பானையின் ஈஸ்ட். கள்ளு இறக்குகிற கலயத்தை யாரும் சோப்பு போட்டுக் கழுவுவதில்லை. அடியில் தங்கும் மண்டிதான் மறுநாள் சாறுக்கு உறை. பல தலைமுறை கலயம் மாறி கலயம் ஓடிவந்த ஈஸ்ட் அது. 1987-ல் சட்டப்படி அந்த ஓட்டம் நின்றுபோனது. மரத்தில் காட்டு ஈஸ்ட் எப்போதும் இருக்கும், கள் பொங்க அது போதும். ஆனால் ஊருக்கு ஊர் ஈஸ்ட் மாறும். மலேசியாவில் பெர்த்தம் பனையின் பூத்தேனில் வாழும் ஈஸ்ட் தனி வம்சம் என்று 2009-லேயே மரபணு ஆய்வு காட்டியது. பாலாற்றங்கரைப் பனைக்கும் அப்படி ஒரு வம்சம் இருக்கா? தேடினால்தானே தெரியும்.

தேடுவதற்குக் கள்ளுக்கடை திறக்க வேண்டாம், கோட்டையில் யாரும் கொள்கை முடிவு எடுக்கவும் வேண்டாம். பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கிற பழைய கலயங்களைச் சுரண்டி ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் போதும். எழுந்தால், உறைய வைத்து உலர்த்தி ஆம்பூலில் அடைக்கலாம். சண்டிகரில் 1986 முதல் இயங்கும் எம்.டி.சி.சி நுண்ணுயிர் வங்கியில் அப்படித்தான் ஈஸ்ட்களைத் தூங்க வைத்திருக்கிறார்கள். வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். பீருக்குத்தான் என்றில்லை, ஆப்பத்துக்கும் பிரெட்டுக்கும்கூட. கோவாவில் ஒரு காலத்தில் பாவ் மாவைப் புளிக்க வைத்ததே கள்தான்.

கிளம்பும்போது பெரியவரிடம், பழைய கள்ளுக் கலயம் ஏதாவது வீட்டில் இருக்கா என்று கேட்டேன்.

"எங்கப்பா வெச்சிருந்தது ரெண்டு கிடக்குது. ஒண்ணுல என் மருமக துளசி வெச்சிருக்கா. இன்னொண்ணு கவுத்துப் போட்டது போட்டபடியே இருக்குது. உனக்கெதுக்கு கண்ணு அது?"