மொண்ணைக் கத்தியின் அபாயம்

பிள்ளைகளின் கையில் கூரிய கத்தியைக் கொடுக்கலாகாது என்பது பெரியோர் பலரின் அபிப்பிராயம். நாமும் வெகு காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அதனால் ஒரு சிறுவனுக்கு நேர்ந்த தீங்கை இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் வகுப்பு மாணவன் ஒருவன், தூத்துக்குடித் தோணியைப் போன்ற மாதிரி ஒன்றை 48-ல் 1 பங்கு அளவில் செய்யத் தொடங்கினான். கடையில் ஆயத்தமாக வாங்காமல், பலகை ஒவ்வொன்றையும் தானே வெட்டி ஒட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. 24 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை இக்கணக்கில் 5 மில்லிமீட்டர் கீற்றாகிவிடும். பால்ஸா மரத் தகடும் பிளாஸ்டிக் அளவுகோலும் அவனிடம் இருந்தன. கத்தியை நாம் கொடுத்தோம்; கையை வெட்டாதிருக்கட்டும் என்று மொண்ணையானதாகப் பார்த்தே கொடுத்தோம்!

மொண்ணை அலகு மரத்தில் இறங்கவில்லை. பையன் பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். அலகு அளவுகோலின் விளிம்பைச் சீவிக்கொண்டு மேலேறி, இடது சுட்டுவிரலில் பாய்ந்தது. மூன்று தையல் போட நேர்ந்தது. குற்றம் நம்முடையதே.

அன்று முதல் நாம் கைக்கொள்ளும் முறையாவது: அலகு புதியதாக இருக்க வேண்டும். பால்ஸா மிக மென்மையான மரமாதலால், மொண்ணை அலகின் கீழ் வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கக் கண்டவுடன் அலகை மாற்றிவிடுக. அளவுகோல் எஃகினால் ஆனதாக இருக்கட்டும். அதன் அடியில் உப்புக்காகிதம் ஒட்டினால் வழுக்காது. அதனைக் கிளாம்பினால் மேஜையோடு இறுக்கிவிட்டால், இடது கை கத்தியின் வழியில் வரவே வேண்டியதில்லை. முதல் இழுப்பில் கோடு மட்டும் விழட்டும். பின்னர் அதே வழியில் நான்கைந்து முறை இலேசாக இழுத்தால் கீற்று தானே பிரியும். அலகு மரத்தின் ரேகையைப் பற்றி ஓடும் இயல்புடையது. ரேகை அளவுகோலை விட்டு விலகிச் சென்றால் கீற்று கோணும். அப்போது தகட்டைக் குப்புறப் புரட்டி வைத்து வெட்டுக. ரேகையே அலகை அளவுகோலின் பக்கம் இழுத்துவரும்.

தேக்கு முதலிய கடின மரங்களுக்குப் பொடிப்பல் வாளே ஏற்றது. மோட்டாரில் சுழலும் வட்ட ரம்பத்தையோ சிறுவர் தொடலாகாது. பெரியவர்களும் மெல்லிய கீற்று ரம்பத்துக்கும் பக்கத் தடுப்புக்கும் நடுவே அகப்படும்படி அறுத்தல் கூடாது. நெருக்குண்ட கீற்றைப் பற்கள் ஈட்டிபோல் அறுப்பவர் மீது எறிந்துவிடும். கீற்று மறுபக்கத்தில் விழுமாறு வைத்து, ஒவ்வொரு முறையும் தடுப்பை நகர்த்திக்கொள்க. மரத்தைத் தள்ளுவதற்கு விரலன்று, கோல் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். தோளில் துண்டு தொங்கலாகாது. ரம்பத்தின் நேரே நில்லாமல் சற்று ஒதுங்கி நிற்பது நலம்.

காயம் ஆறியதும் பையனை அவன் தாயார் அழைத்துவந்தார். "இனிமேலும் இவன் கையில் கத்தி கொடுப்பீர்களா, ஸார்?" என்று கேட்டார்.

"கொடுப்பேன், அம்மா, நல்ல கத்தியாக" என்றோம்.

அவ்வம்மையார் சிறிது யோசித்துவிட்டு, மகனை விட்டுச் சென்றார். தோணி இப்பொழுது நமது பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதன் பலகைகளைப் பார்வையாளர் மெச்சும்போதெல்லாம், அவன் சுட்டுவிரலின் தழும்பு நமக்கு நினைவு வருகிறது.