ஜாமீன் கிடைத்தும் சிறை

திருப்பூர் மாவட்டத்தின் சேவூர், அவிநாசி வட்டாரத்துக்குப் பனியன் கம்பெனி வேலை தேடி வரும் வெளியூர்த் தொழிலாளி ஒரு சிறு திருட்டு வழக்கில் சிக்கினால், ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடக்க நேர்கிறது. பிணை நிற்க உள்ளூரில் ஆளில்லை என்பதே காரணம். இது கொடுமை. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைவாசிகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள்தான்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு இதற்கு வழிகாட்டுகிறது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்கள் தவிர, முதல்முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்திருந்தால், பிணையாள் கேட்காமல் சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் விட வேண்டும். இதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். எழுதப்படுகிறதா என்பதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மாதந்தோறும் பார்க்க வேண்டும்.

வெளியே வந்தவருக்குக் கூலியும் தங்க இடமும் இல்லையென்றால் பழைய சகவாசமே கூப்பிடும். ஆள் கிடைக்கவில்லை என வருந்தும் திருப்பூர் முதலாளிகள் இப்படி வெளியே வந்தவருக்குத் தையல் மெஷினில் ஓர் இடம் தரட்டும்.