வட்டவிதானைக்கு யூஎம்எல்லில் இடமில்லையா?

பதிவு கொஞ்சம் நீளம். உயர்தரத்தில் ஐசிடி படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள். கெம்பஸ் போன பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கள், உங்களோடுதான் எங்களுக்குச் சண்டை.

வீடு கட்டுமுன் பிளான் கீறுகிற மாதிரி, மென்பொருள் எழுதுமுன்பும் படம் கீற வேண்டும். அந்தப் படத்துக்கு உலகம் ஒத்துக்கொண்ட குறிமொழிதான் யூஎம்எல். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்போ, ஐவர் ஜேக்கப்சன் என்ற மூவர் தனித்தனியாக வைத்திருந்த முறைகளை ஒன்றாக்கினார்கள். 1997 நவம்பரில் ஓஎம்ஜி அமைப்பு அதை நியமமாக ஏற்றது. பல்கலைக்கழகம் போகும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இதைக் கீறுகிறார்கள். என்ன கீறுகிறார்கள்? ஏடிஎம் இயந்திரம், ஹோட்டலில் அறை பதிவு, நூலகத்தில் புத்தகம் இரவல். வருடா வருடம் இதே மூன்று. சென்ற வருடம் அண்ணன் கீறியதை இந்த வருடம் தம்பி பெயர் மாற்றிக் கொடுக்கிறார்.

உறுகாமக் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது என்று போகத்துக்குப் போகம் கூட்டம் போடுகிற ஊர் இது. வட்டை இருக்கிறது, வட்டவிதானை இருக்கிறார், போடியார் இருக்கிறார், குத்தகைக்காரர் இருக்கிறார். யார் யாருக்குப் பொறுப்பு, எது முடிந்த பிறகு எது நடக்கலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இந்த மண்ணில் கிடக்கிறது. இதைவிட நல்ல மாதிரி ஒரு மாணவருக்கு எங்கே கிடைக்கும்? கீறுங்கள் என்றால், "சேர், அதுக்கெல்லாம் யூஎம்எல்லில் குறி இல்லையே" என்கிறார்கள்.

குறி இல்லை என்று யூஎம்எல் சொல்லவில்லை. 1997 இல் ஏற்கப்பட்ட பதிப்பிலேயே ஸ்டீரியோடைப், டேக் பெறுமதி, கட்டுப்பாடு என்று மூன்று வசதிகள் இருந்தன. மூன்றும் ஒரே நோக்கத்துக்குத்தான். எங்கள் துறை உங்களுக்குத் தெரியாது, நீங்களே உங்கள் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த மொழியை ஆக்கியவர்களே கதவைத் திறந்து வைத்தார்கள். ஒரு வகுப்பின் தலையில் «வட்டை» என்று ஸ்டீரியோடைப் போடலாம். அதற்கு ஏக்கர் எத்தனை, எந்த வாய்க்கால் என்று டேக் கொடுக்கலாம். "நீர் திறக்கும் திகதி கூட்டத் திகதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது" என்று கட்டுப்பாடு எழுதலாம். இவற்றை ஒரு பொதியாகக் கட்டினால் அதற்குப் பெயர் புரொஃபைல். வங்கிக்காரர்களும் விமானம் கட்டுகிறவர்களும் தங்களுக்கென்று இதைச் செய்துகொள்கிறார்கள். நெல் விதைக்கிறவர்கள் செய்தால் என்ன குறைந்துவிடும்?

கருவிகளும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் ஸ்பார்க்ஸ் நிறுவனம் செய்யும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டுக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டில் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டலாம். கொரியாவில் பிறந்த ஸ்டார் யூஎம்எல்லுக்கு ஜாவாஸ்கிரிப்டில் நீட்சி எழுதலாம். மொடலியோவில் ஜைத்தன், டயாவில் பைத்தன். கவனியுங்கள், எங்கள் உயர்தர ஐசிடி பாடத்திட்டத்தில் பிள்ளைகள் படிப்பதே பைத்தன்தான். அதாவது கருவியைத் தங்கள் கைக்கு வளைக்கும் மொழி ஏற்கெனவே அவர்கள் கொப்பியில் இருக்கிறது. பரீட்சைக்கு மூன்று கேள்வி செய்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது பிளான்ட் யூஎம்எல். 2009 இலிருந்து வருகிறது, இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஜாவா போட்ட பழைய கணினி போதும், இணையம் வேண்டாம். சில படங்களுக்கு மட்டும் கிராஃப்விஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளைக் கேட்கும். இதில் படத்தை மவுஸால் இழுத்துக் கீறுவதில்லை. படத்தை எழுத்தாக எழுதுகிறோம், அது கீறித் தருகிறது. எழுத்து என்று ஆன பிறகு அதைப் பைத்தனே எழுதலாம் அல்லவா? ஒரு எக்செல் பட்டியலில் வட்டையின் பெயர் ஒரு நிரல், வட்டவிதானையின் பெயர் அடுத்த நிரல். அதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, வரி வரியாக வாசித்து பிளான்ட் யூஎம்எல் கோப்பாக எழுதும் ஸ்கிரிப்ட் இருபது வரிக்குள் முடியும். இன்னும் இரண்டு வரி சேர்த்தால் பொறுப்பாளர் பெயர் இல்லாத வட்டை சிவப்பில் வரும். விவசாய அமைப்பின் கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரில் காட்டினால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஏடிஎம் படத்தால் இந்த ஊரில் யாருக்கு என்ன பிரயோசனம்?

"தமிழில் கீறினால் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் என்ன செய்வார்கள்" என்று ஒரு கூட்டம் வரும். நியாயமான கேள்வி, ஆனால் பதில் கருவிக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், டேக்கில் தமிழ்ப் பெயரை வையுங்கள். ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினால் ஒரே மாதிரியிலிருந்து கொழும்புக் கம்பனிக்கு ஆங்கிலப் படமும் விவசாயிக்குத் தமிழ்ப் படமும் வரும். இதைச் செய்யத் தெரிந்த பிள்ளையைக் கம்பனிக்காரர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். தயவுசெய்து பாமினியில் தட்டச்சுச் செய்யாதீர்கள். பாமினியில் நீங்கள் "அம்மா" என்று அடித்தால் கணினி வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு போட்ட இடத்தில் மட்டும் அது தமிழ் மாதிரித் தெரியும். ஸ்கிரிப்ட் தேடினால் அம்மா கிடைக்க மாட்டார், அகர வரிசைப்படுத்தினால் எங்கேயோ போய் நிற்பார். அரைப்புள்ளியைக் கண்டால் நிரல் வேறு குழம்பும். யூனிகோட்டில் எழுதுங்கள். பிளான்ட் யூஎம்எல்லில் தமிழ்ப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன மாற்றுப் பெயர் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை. திருமண அழைப்பிதழுக்குப் பாமினி இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஒரு பயிற்சி நிலையம், பெயர் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் கணினியில் உடைத்தெடுத்த யூஎம்எல் மென்பொருளைப் போட்டுக் கொடுக்கிறது. அடுத்தவர் உழைப்பை அனுமதியில்லாமல் எடுப்பது கூடுமா கூடாதா என்று ஜும்ஆ முடிந்து ஆலிமைப் பிடித்துக் கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். வழியில்லாமல் செய்தோம் என்றும் சொல்ல முடியாது. டயா இலவசம், பிளான்ட் யூஎம்எல் இலவசம். ஸ்டார் யூஎம்எல்கூட 2005 இல் திறந்த மூலமாக வந்ததுதான், 2014 இன் இரண்டாம் பதிப்பிலிருந்துதான் காசுக்கு மாறியது. அந்தப் பிள்ளைகளுக்கு மெனு எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கொடுப்பதுமில்லை. அடுத்த பதிப்பில் மெனு இடம் மாறினால் படிப்பும் போச்சு.

உயர்தரப் பிள்ளைகளுக்கு உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாடத்திட்டத்தில் இருப்பது எஸ்எஸ்ஏடிஎம், 1980களில் பிரித்தானிய அரசுக்காக ஆக்கிய முறை. அதன் தரவுப் பாய்ச்சல் படத்தில் செயன்முறை என்பது மேலே பட்டி போட்ட செவ்வகம், வெளி உறுப்பு நீள்வட்டம், தரவுக் களஞ்சியம் ஒரு பக்கம் திறந்த பெட்டி. இணையத்தில் தேடினால் வருகிற படங்களில் பெரும்பாலும் செயன்முறை வட்டமாக இருக்கும், அது வேறு ஆட்களின் முறை. பிள்ளை அதைப் பார்த்துப் பழகிவிட்டுப் பரீட்சையில் வட்டம் கீறுகிறது. டயாவில் ஒரு வடிவம் என்பது சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு, நோட்பேடில் எழுதலாம். எஸ்எஸ்ஏடிஎம் வடிவங்களுக்கு மூன்று கோப்பு எழுதி வைத்தால், எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் பிள்ளைகளின் கண்ணில் சரியான குறி மட்டுமே படும்.

அந்த மூன்று கோப்பையும் நாங்கள் எழுதிவிட்டோம். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பார்க்க வேண்டாம், எந்த ஐசிடி ஆசிரியரும் பென் டிரைவோடு வந்து வாங்கிக்கொள்ளலாம். வட்டைப் பட்டியலைப் படமாக்கும் ஸ்கிரிப்டைத்தான் வந்தாறுமூலையில் கணினி படிக்கிற எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறோம். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, பெரும்போகக் கூட்டத்துக்கு முன் கொண்டு வாருங்கள். வட்டவிதானைமாரிடம் பெயர்ப் பட்டியல் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.