உல்லாசப் பயணிக்குத் திறந்த வானம், உழைப்பாளிக்குப் பூட்டிய வானம்!

இந்நாட்டின் வானம் யாருடையது? மந்திரிமாரின் தனிச்சொத்தா? அல்லது இந்நாட்டுப் பிரசைகள் அனைவருக்கும் உரியதா? வயலையும் வாவியையும் நம்பி வாழும் மட்டக்களப்பு மக்களுக்கு ஆகாய விமானத்தைப் பற்றிய கவலை எதற்கென்று கொழும்பிலே சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் ஓட்டமாவடிக்கு வரட்டும். வாழைச்சேனைக்கும் ஏறாவூருக்கும் வரட்டும். அரபு நாட்டிலே உழைக்கும் மகனோ மகளோ இல்லாத வீதி ஒன்றை அவர்கள் காட்டட்டும். வேளாண்மைக்கு உரம் வாங்கும் பணமும், பிள்ளையின் கல்விச் செலவும் அவ்வுழைப்பிலிருந்தே வருகின்றன என்பதை இங்குள்ள கமக்காரனும் அறிவான், ஆசிரியரும் அறிவார்.

2020 மார்ச் மாதத்தில், கொரோனா நோயைக் காரணங்காட்டி, வெளிநாடுகளிலிருந்து வரும் பயணிகளுக்கு நமது விமான நிலையங்கள் மூடப்பட்டன. நோயைத் தடுக்கும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் நிகழ்ந்ததென்ன? வளைகுடா நாடுகளில் வேலையிழந்த பல்லாயிரம் இலங்கையர் தாய்நாடு திரும்ப வழியின்றித் தவித்தனர். பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கிற் காத்திருந்தனர். சிறப்பு விமானம் வந்தாலோ, எத்தனை பேர் வரலாம், எப்போது வரலாம் என்பதெல்லாம் அதிகாரிகளின் அனுமதியில் தங்கியிருந்தன. அந்நிய மண்ணிலேயே அந்நோய்க்கு இரையானோரும் பலர்.

அதே ஆண்டு டிசம்பர் 28 ஆம் திகதி மத்தளை விமான நிலையத்தில் உக்ரேன் நாட்டிலிருந்து ஒரு விமானம் வந்திறங்கியது. அதில் வந்தவர்கள் உல்லாசப் பயணிகள். அது 'சார்ட்டர்' என வழங்கும் தனி வாடகை விமானம். நாட்டின் விமான நிலையங்கள் முறைப்படி மீண்டும் திறக்கப்பட்டதோ 2021 ஜனவரி 21 ஆம் திகதியன்று! முன்னோடித் திட்டம் என்று பெயரிடப்பட்ட இவ்வேற்பாட்டை முன்னின்று நடத்தியவர், ராஜபக்ச குடும்பத்தின் உறவினரும் ரஷ்யாவுக்கான முன்னாள் தூதுவருமான உதயங்க வீரதுங்க. வந்தவர்களுட் சிலருக்கு நோய்த் தொற்றும் கண்டறியப்பட்டது. ஆயினும் திட்டம் நிற்கவில்லை. யால வனம் வரை அவர்கள் சுற்றிப் பார்த்தனர். விருந்தோம்பல் நமது பண்புதான். ஆனால் பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு விருந்தாளிக்கு இலை போடுவதை எந்த வீட்டில் பண்பென்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 6 ஆம் உறுப்புரைப்படி, கால அட்டவணைக்கமைய ஓடும் அந்நிய விமான சேவை எதுவும் ஒரு நாட்டின் அனுமதியின்றி அந்நாட்டுக்குள் வர இயலாது. அதனாலேயே நாடுகள் இருதரப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொள்கின்றன. அட்டவணைக்கு உட்படாத வாடகை விமானங்களைப் பற்றியது 5 ஆம் உறுப்புரை. கூலி பெற்றுப் பயணிகளை ஏற்றி இறக்கும் அத்தகைய விமானங்களுக்குத் தான் விரும்பும் ஒழுங்கு விதிகளையும் நிபந்தனைகளையும் விதிக்க ஒவ்வோர் அரசுக்கும் அது உரிமை தருகிறது. ஆக, அந்நியரின் வாடகை விமானம் பெறுவது ஒரு சலுகை. அரசு வகுக்கும் விதிக்கு அது கட்டுப்பட்டது.

இலங்கைப் பிரசை தாய்நாடு திரும்புவதோ சலுகையன்று, உரிமை! அரசியலமைப்பின் 14 (1) ஆம் உறுப்புரை அதை அடிப்படை உரிமையாகவே வகுத்திருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்காக அதை மட்டுப்படுத்தலாம். ஆனால் அம்மட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட வேண்டுமென்று 15 (7) ஆம் உறுப்புரை கூறுகிறது. உரிமை வரிசையில் நிற்க, சலுகை முன்வாசலால் நுழைந்ததே, இது எந்தச் சட்டத்தின் நீதி?

ஓட்டமாவடி மக்களுக்கு இக்கேள்வி வேறொரு வகையிலும் நெஞ்சைச் சுடும். உல்லாசப் பயணிக்காக நோய்த் தடுப்பு விதிகள் வளைந்துகொடுத்த அந்நாட்களில், முஸ்லிம் மக்களின் இறந்தோரை நல்லடக்கம் செய்ய அதே விதிகள் இடங்கொடுக்கவில்லை. உடல்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் அத்தடை நீங்கிய பின்னர், நாட்டின் எட்டுத் திக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களை ஏற்றது நமது ஓட்டமாவடி மண்ணே. அத்தகனத்துக்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். வளைகுடாவிலே காக்க வைக்கப்பட்டவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

அந்நியச் செலாவணிக்காகவே அவ்விமானங்கள் அனுமதிக்கப்பட்டன என்பர். கணக்கையே பார்ப்போம். 2020 ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய பணம் 700 கோடி டொலருக்கும் அதிகம். உல்லாசப் பயணத்துறை செழித்திருந்த 2018 ஆம் ஆண்டிற்கூட அத்துறையின் வருவாய் ஏறத்தாழ 440 கோடி டொலரே. நாட்டுக்குச் சோறு போட்டவனையே நாடு மறந்தது!

தெளிவான விதியில்லாத இடத்தில் அந்நியரின் வழக்கும் நம் தலையில் விழும். உக்ரேன் போரை அடுத்து, ரஷ்ய நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த விமானங்களைப் பற்றி உலகெங்கும் பிணக்குகள் எழுந்தன. 2022 ஜூன் 2 ஆம் திகதி, ஐரிஷ் குத்தகை நிறுவனமொன்றின் முறைப்பாட்டின் பேரில், கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தின் கட்டளையால் ஏரோஃபுளொட் விமானமொன்று கட்டுநாயக்காவில் தடுக்கப்பட்டது. ரஷ்யா நமது தூதுவரை அழைத்துக் கண்டித்தது. அந்நிறுவனம் சேவையை நிறுத்தியது. சில நாட்களில் தடை விலகி விமானம் புறப்பட்டது. சேவை மீண்டதோ அக்டோபரில். அது அட்டவணைச் சேவைதான். நீதிமன்றத்தில் நாம் குறை காணவுமில்லை. ஆனால் குத்தகைப் பிணக்குள்ள விமானம் வாடகைக்கு வந்தாலும் இதே கதிதானே! அனுமதிக்கு முன்பே அதை ஆராயும் விதி எங்கே? அதைப் பொதுமக்கள் படிக்க முடியுமா?

நாம் கேட்பவை மூன்று. அந்நிய வாடகை விமானங்களுக்கான நிபந்தனைகளும், வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியும், அதைக் கேட்டவரின் பெயரும் வர்த்தமானியில் வெளிவரல் வேண்டும். குத்தகை, காப்புறுதிச் சான்றுகளை ஆராய்ந்த பின்னரே அனுமதி வழங்கல் வேண்டும். இடர்க்காலத்தில் நாடு திரும்பும் பிரசைக்கே முதலிடம் என்பது சட்டமாதல் வேண்டும்.

2025 ஜூன் 23 ஆம் திகதி கத்தார் தன் வான்பரப்பைத் திடீரென மூடியதை நாம் கண்டோம். இன்னொரு நெருக்கடி வராதென்று எவரும் உறுதி கூற முடியாது. அது வரும்போது நமது பிள்ளைகள் எவரது முத்திரைக்கும் கையேந்தி நிற்றல் கூடாது. மொழியாலும் துயராலும் ஒன்றுபட்ட தமிழ் பேசும் மக்கள், தமிழரும் முஸ்லிம்களும், ஒரே குரலில் இதைக் கேட்க வேண்டும். தாய்நாட்டின் கதவைத் திறக்கும்படி எந்த மகனும் இரக்க வேண்டியதில்லை. அது அவனுடைய வீடு!