முகவரியில் தமிழுக்கு இடமில்லையா?

குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனை பெறுவது இன்னொருவர். இந்த அநீதி சென்ற மாதம் நம் சங்க நூலகத்திலேயே நடக்கவிருந்தது. குற்றவாளி நான். தண்டனை பெறவிருந்தது தமிழ்.

சங்க நூல்களின் பட்டியலுக்கு ஒரு சிறு வலைச்சேவை, அதாவது ஏ.பி.ஐ., எழுதும் பணியை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். முகவரியில் 'நூல்கள்' என்ற சொல், பின் ஒரு சாய்கோடு, அதன்பின் நூலின் பெயர். இதை அனுப்பினால், நூல் அலமாரியில் உள்ளதா, எவரிடம் உள்ளது என்று சர்வர் விடை கூறவேண்டும். ஒற்றைச் சொல்லில் பெயர் கொண்ட ஆங்கில நூல்களுக்கு விடை வந்தது. 'பொன்னியின் செல்வன்' கேட்டேன், "இல்லை" என்றது. நூலோ என் கண்ணெதிரே இருந்தது!

"தமிழைப் போட்டால் இப்படித்தான் தம்பி. பெயரையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றிவிடு, தொல்லை விடும்" என்றார் மூத்த மாணவர் ஒருவர். ஊரை விட்டு இத்தனை தொலைவு வந்து, தமிழ் கேட்கவென்றே ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதன் பட்டியலிலிருந்தே தமிழை வெளியேற்றுவதா? மனம் ஒப்பவில்லை. ஆனால் மனம் ஒப்பாமை வாதமாகாது, ஆராய்ந்து பார்த்தேன்.

யூஆர்எல் முகவரியில் நேராக எழுதத்தக்கவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமே. பிறவற்றுக்கும் வழி உண்டு. 2005 சனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3986 என்னும் விதித்தொகுப்பு அதைக் கூறுகிறது. எழுத்தை யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு இரண்டு இலக்கங்களாக எழுதவேண்டும். இடைவெளி ஒரே பைட். அது %20 ஆகும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். எனவே ஒன்பது இடம் கொள்ளும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆக 45 இடங்கள். நீளந்தான், ஆனால் சுமப்பது இயந்திரம், நாமல்லவே!

அப்படியானால் பிழை எங்கே? மூன்று இடங்களில் கண்டேன்.

முதலாவது, பெயரை இருமுறை குறியாக்கம் செய்திருந்தேன். இரண்டாம் முறையில் % குறியே %25 ஆகிவிடும். %20 என்பது %2520 ஆகிவிடும். இடைவெளியுள்ள ஓர் ஆங்கிலப் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் "இல்லை" என்றே விடை! ஒற்றைச் சொல் ஆங்கிலப் பெயர்கள் தப்பியது குறியாக்கமே தேவைப்படாததால்தான். என் பிழையை ஆங்கிலம் மறைத்தது, தமிழ் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது, முழு முகவரியையும் ஒன்றுசேர்த்த பின் குறியாக்கினேன். ஜாவாஸ்கிரிப்டின் 'என்கோட்யூஆர்ஐ' சாய்கோட்டைத் தொடாது. 'ஆண்டு மலர் 2018/19' என்ற பெயரைச் சர்வர் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒவ்வொரு கூற்றையும் 'என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்' கொண்டு தனித்தனியே குறியாக்கி, பிறகே இணைக்கவேண்டும். சர்வரும் முதலில் சாய்கோட்டில் பிரித்து, பிறகே குறிநீக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நம் எழுத்துக்கே உரியது. 'பொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுகளோ வேறு. பட்டியலில் ஒருவகை, கேள்வியில் மற்றொருவகை! இதற்கும் மருந்து உண்டு: யூனிகோடின் என்.எஃப்.சி. என்னும் சீராக்கத்தை இரு பக்கமும் செய்தால் போதும்.

மூன்றையும் திருத்த ஒரு மாலைப் பொழுதே பிடித்தது. இப்போது 'பொன்னியின் செல்வன்' கேட்டால் கிடைக்கிறது.

பெயருக்கு மாற்றாக நூல் எண்ணை முகவரியில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், ஒரே பெயரில் இரு நூல்கள் இருந்தால் எண்ணே சிறந்தது. அதை எதிர்ப்பவன் அல்லேன். ஆனால் ஆங்கில எழுத்தில் பெயர்த்தெழுதுவது தீர்வாகாது. பள்ளியையும் பல்லியையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். மனமும் மணமும் அப்படியே. ஒரு பிழையை மறைக்க ஓராயிரம் பிழைகளை விதைப்பதா?

நம்மில் பலர் நாளை பெரிய நிறுவனங்களில் நிரல் எழுதப் போகிறோம். "தமிழ் வேலை செய்யாது" என்று எவரேனும் கூறினால் தலையசைத்து விடாதீர்கள். எந்தக் கூற்றில், எந்த பைட்டில் பிழை என்று கேளுங்கள். விதி நமக்கு இடம் தந்து ஆண்டுகள் பல ஆயின. அந்த இடத்தில் அமரவேண்டியது நாம்தான்.