ஒரகடத்துல பெஸ்ட் பர்கர் எது? பன், பேட்டி, மயோனைஸ்... அப்புறம் ஷிஃப்ட் டைம்!

'சென்னையின் பெஸ்ட் பர்கர்' என்று போனில் தேடிப் பாருங்கள். வீடியோக்கள் கொட்டும். நுங்கம்பாக்கம், அண்ணா நகர், வேளச்சேரி, ஈ.சி.ஆர் என்று ஒரு ரவுண்டு போவார்கள். சீஸ் வழியும், கேமரா ஸ்லோமோஷனில் கடிக்கும், 'வேற லெவல்' என்று முடியும். பூந்தமல்லி தாண்டினால் வீடியோவும் நின்றுவிடும்.

ஆனால், அந்த வீடியோவைப் பார்க்கும் கூட்டத்தில் பெரிய பங்கு பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம். கார், டயர், புல்லட், லாரி, செல்போன் எல்லாம் தயாராகிற இந்த பெல்ட்டில் வேலை பார்ப்பவர்களில் நிறைய பேருக்கு 20-லிருந்து 25 வயசு. கையில் போன் இருக்கு, பசியும் இருக்கு. அப்போ 'பெஸ்ட் பர்கர் எது' என்ற சண்டையை இவர்கள் இடத்திலிருந்து போட்டுப் பார்த்தால் என்ன?

போட்டுப் பார்ப்போம். எச்சரிக்கை: இந்தச் சண்டை பன்னில் ஆரம்பித்து தொழிலாளர் சட்டம் வரைக்கும் போகும்.

முதல்ல ரூல்ஸ்!

பர்கர் ரசிகர்கள் மூணு கட்சி. முதல் கட்சி 'பேட்டி' கட்சி. நேர்காணல் இல்லை பாஸ், பன்னுக்கு நடுவில் இருக்கும் அந்த வட்டமான ஐட்டம். அமெரிக்கக் கணக்குப்படி அது மாட்டிறைச்சிக் கொத்துக்கறி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த பெயர்தான் ஹாம்பர்கர்; பெயரில் 'ஹாம்' இருந்தாலும் பன்றிக்கறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூடான கல்லில் கறியை அழுத்தும்போது மேலே ஒரு பழுப்பு நிற மொறுமொறுப்பு வருமே, அதுதான் ருசியின் ரகசியம்.

நம்ம ஊரில் கதை வேறு. 1996-ல் டெல்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் முதல் கடை திறந்தபோதே மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கிடையாது என்று முடிவு செய்துவிட்டது. உருளைக்கிழங்கு டிக்கி பன்னுக்குள் போனது அப்படித்தான். நாம் 'பர்கர்' என்று ஆர்டர் செய்வதில் பாதி, மாவில் புரட்டிப் பொரித்த சிக்கன். அமெரிக்கர்கள் அதை சிக்கன் சாண்ட்விச் என்பார்கள். இதில் கெளரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஜப்பானில் டெரியாக்கி பர்கர், கொரியாவில் புல்கோகி பர்கர் என்று ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டதால்தான் பர்கர் உலகம் முழுக்கப் போனது.

ஆனால், 'பெஸ்ட்' பட்டியல் போடும்போது எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவிக்கப்பட்டது. பட்டியலில் பீஃப் பிரியாணி இல்லை. எதிர்ப்பு வந்தது, மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஒரு சாப்பாட்டு லிஸ்ட், யாரை ஊர்க்காரராக எண்ணுகிறது, யாரை எண்ணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது கட்சி, பன் கட்சி. நியாயமான கட்சி. பன்னை இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தை வெண்ணெயில் வாட்டினால், சாஸும் கறியின் சாறும் சட்டென்று ஊறாது. வாட்டாத பன் அஞ்சு நிமிஷத்தில் சொதசொதவென்று ஆகிவிடும். டப்பாவில் மூடி, அரை மணி நேரம் பைக்கில் வந்தால் ஆவியிலேயே ஊறிவிடும். ஆகவே, எந்த பர்கரையும் ஆன்லைனில் வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு 'சுமார்' என்று சொல்வது அந்தக் கடைக்குச் செய்கிற அநியாயம்.

மூன்றாவது, சாஸ் கட்சி. இங்கேதான் அரசாங்கம் உள்ளே வருகிறது.

மயோனைஸுக்குத் தடை... ஏன்?

பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்க, சேமிக்க, விற்கத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடிக்கும் மயோனைஸில் வேகவைக்கும் வேலையே இல்லை. முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அது நேராக உங்கள் பன்னுக்குள் வந்துவிடும். அதிலும் நெடுஞ்சாலை ஓர வண்டியில், மதிய வெயிலில், மூடி இல்லாத டப்பாவில் மயோனைஸ் மணிக்கணக்கில் இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். கேரளாவும் தெலங்கானாவும் இதே தடையை நமக்கு முன்பே கொண்டுவந்துவிட்டன.

முட்டை இல்லாத மயோனைஸ் இருக்கிறது. புதினாச் சட்னி தடவினாலும் பர்கர் கோபித்துக்கொள்ளாது. 'இது முட்டை மயோனைஸா?' என்று கடையில் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும் கடை, பெஸ்ட் பர்கர் போட்டியிலிருந்து அப்போதே அவுட்.

பர்கரும் ஃபேக்டரியும் பழைய ஃப்ரெண்ட்ஸ்

பர்கர், மால் கலாசாரத்தின் குழந்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வளர்ந்த இடம் வேறு.

1921-ல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 'ஒயிட் காஸில்' கடை தொடங்கியது. ஒரு பர்கர் 5 சென்ட். அந்தக் காலத்தில் கொத்துக்கறி என்றாலே மக்களுக்குச் சந்தேகம். கெட்டுப்போன கறியை அரைத்துவிடுவார்கள் என்று பயம். அதனால் கடைக்கு வெள்ளை நிறம், பளபளக்கும் ஸ்டீல் சமையலறை, வாடிக்கையாளர் கண்ணெதிரே சமையல். அந்தக் கடை விற்ற முதல் பொருள் நம்பிக்கைதான்.

1948-ல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதங்கள் மூடினார்கள். மெனுவை ஒன்பது ஐட்டமாகக் குறைத்தார்கள். ஒருவர் கறியைச் சுட, ஒருவர் சாஸ் வைக்க, ஒருவர் மடித்துக் கொடுக்க... கார் தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைன் அப்படியே சமையலறைக்குள் வந்தது. பர்கர் விலை 15 சென்ட்.

ஒரகடத்தில் லைனில் நிற்கிற உங்களுக்கு இது புதிதா என்ன? நீங்கள் திருகும் அதே மூணு ஸ்க்ரூ, அங்கே மூணு துண்டு வெள்ளரிக்காய்.

2021 டிசம்பர்: ஒரு சாப்பாடு ஹைவேயை நிறுத்தியது

இப்போது சீரியஸ் மேட்டர். ஸ்ரீபெரும்புதூர் பெல்ட்டில் சாப்பாடு பற்றி நடந்த மிகப்பெரிய விவாதம் எந்த ஃபுட் சேனலிலும் நடக்கவில்லை. அது நடந்தது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில்.

2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு விஷமானது. 150-க்கும் அதிகமானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது பொய் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நம்புகிற நிலைமையில் யாரும் இல்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐபோன் அசெம்பிள் செய்யும் ஆலை டிசம்பர் 18-ம் தேதி மூடப்பட்டது. சில தங்கும் இடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12-ம் தேதிதான் ஆலை மீண்டும் திறந்தது.

கொஞ்சம் யோசியுங்கள். சம்பளம், ஓவர்டைம், ஹாஸ்டல் நெரிசல் என்று எத்தனையோ குறைகள் இருந்திருக்கும். ரோட்டுக்கு வரவைத்தது சாப்பாடு. ஏனென்றால், மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். தட்டில் இருப்பது நாளைக்கு எழுந்து நிற்க விடுமா என்ற பயத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

அதன்பிறகு மாற்றங்கள் வராமல் இல்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பிரமாண்ட குடியிருப்பு 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஸ்ட்ரைக் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. தொழிற்சங்க அங்கீகாரமும் சம்பளமும்தான் மையக் கோரிக்கைகள். ஆனால், நடுவில் நிர்வாகம் அறிவித்த சலுகைகளில் ஏ.சி பஸ்ஸோடு கேன்டீன் சாப்பாட்டை மேம்படுத்துவதும் இருந்தது. தட்டு எவ்வளவு முக்கியம் என்று கம்பெனிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

உங்க ஒரு மணி நேரம் எத்தனை பர்கர்?

'தி எகானமிஸ்ட்' பத்திரிகை 1986 முதல் 'பிக் மேக் இண்டெக்ஸ்' வெளியிடுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரே பர்கர் என்ன விலை என்று பார்த்து, அந்த நாட்டுப் பணத்தின் மதிப்பை அளக்கும் விளையாட்டான கணக்கு. நாம் அதை ஒரகடத்துக்குக் கொஞ்சம் மாற்றுவோம்.

மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வேலை நாள், எட்டு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 72 ரூபாய். 200 ரூபாய் காம்போ என்றால், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் லைனில் நின்றதற்குச் சமம். உங்கள் சம்பளத்தைப் போட்டு நீங்களே கணக்கு போட்டுப் பாருங்கள். சென்னை ஐ.டி பையனின் வீடியோவில் 'பட்ஜெட் ஃப்ரெண்ட்லி' என்று வரும் பர்கர், உங்களுக்கு அரை ஷிஃப்டாக இருக்கலாம்.

பணம் மட்டுமில்லை, நேரமும் உண்டு. ராத்திரி 10 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ் நேராக ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிட்டால், நடுவில் எந்தக் கடைக்குப் போவது? அதிலும் கேட் மூடும் நேரம் உள்ள ஹாஸ்டலில் இருக்கும் பெண்களுக்கு 'சுற்றிப் பார்த்து பெஸ்ட்டைத் தேர்ந்தெடு' என்ற அட்வைஸ் வார லீவுக்கு மட்டும்தான் செல்லும். மற்ற ஆறு நாளும் மெனுவை எழுதுவது வேறு யாரோ.

அந்த ஆறு நாள் மெனுவில் உங்களுக்கும் பேச்சு உண்டு!

இது நிறைய பேருக்குத் தெரியாது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் நடத்த உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தந்தது. என்ன உணவு, என்ன விலை என்பதோடு, தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் கேன்டீன் நிர்வாகக் குழு பற்றியும் அந்தப் பிரிவு பேசியது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 100 பேர் என்று குறைத்தது. முக்கியமான பாயின்ட், கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி.

அதனால் உங்கள் ஆலையில் கேன்டீன் குழு இருக்கிறதா, அதில் உங்கள் லைனிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டியிருக்கு' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதைவிட, அந்தக் குழுவில் ஒரு வரி பதிவாவது வலுவானது. வெளிக்கடை என்றால், பில்லிலோ சுவரிலோ 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிரச்னை என்றால் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப்பில் புகார் செய்யலாம்.

தீர்ப்பு!

பெயர் சொல்லி ஒரு கடைக்கு மகுடம் சூட்டினால் அடுத்த மாதமே அந்தக் கடையில் விலை ஏறிவிடும். எனவே, நம்ம பெல்ட்டுக்கு ஏற்ற ஐந்து டெஸ்ட் மட்டும்:

1. பேட்டி உங்கள் கண் முன்னால் வேகிறதா? சிக்கன் என்றால் நடுப்பகுதி வரை வெந்து, பிங்க் நிறம் இல்லாமல் இருக்க வேண்டும்.

2. பன்னை வாட்டுகிறார்களா? பக்கத்து பேக்கரியின் அன்றைய பன் போதும். வெளிநாட்டுப் பெயர் வேண்டாம்.

3. மயோனைஸ் எதில் செய்தது, எங்கே வைத்திருக்கிறார்கள்?

4. விலை உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்துக்குள் இருக்கிறதா?

5. உங்கள் ஷிஃப்ட் முடியும்போது கடை திறந்திருக்கிறதா, அங்கே போய்விட்டு ஒரு பெண் தனியாகப் பயமில்லாமல் ஹாஸ்டலுக்குத் திரும்ப முடியுமா?

முதல் மூன்றும் கடைக்காரர் கையில். நான்காவது கடைக்காரர், முதலாளி இருவர் கையிலும். ஐந்தாவதுக்குத் தெருவிளக்கு, பஸ் ரூட், ஹாஸ்டல் ரூல்ஸ் எல்லாம் மாற வேண்டும். இந்த ஐந்திலும் பாஸாகும் தள்ளுவண்டி உங்கள் ஏரியாவில் இருந்தால், நுங்கம்பாக்கத்து சீஸ் அருவியெல்லாம் அதற்குப் பின்னால்தான். அப்படி ஒன்று இருக்கிறதா? ரூம்மேட்ஸோடு இந்த ஞாயிற்றுக்கிழமை சண்டையை ஆரம்பியுங்கள். திங்கள்கிழமை அதே ஐந்து கேள்வியைக் கேன்டீனிலும் கேளுங்கள்.